குளிர்பானக் கம்பெனி விற்பனை வேலையா? 'டிரையல்' என்றால் உஷார்

மார்ச் முதல் ஜூன் வரைதான் குளிர்பானத் தொழிலுக்கு அறுவடைக் காலம். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் லைனுக்குப் போக, அதாவது கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிக்க, ஆள் தேவைப்படுவது உண்மை. அந்த உண்மையை முதலீடாக வைத்து ஒரு கூட்டம் இங்கே பிழைக்கிறது.

சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நேர்காணல். வாசலில் ஊரறிந்த கம்பெனியின் பேனர். உள்ளே இருந்தவர்களோ ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்காரர்கள். அதை அவர்களாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

கேள்விகள் என்னவோ நன்றாகத்தான் இருந்தன. "கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் கடைக்காரர் போட்டிக் கம்பெனி பாட்டிலையும் பால் பாக்கெட்டையும் அடுக்கி வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார் ஒருவர். சண்டைக்குப் போக மாட்டேன், கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை மட்டும் முதலில் நம் சரக்குக்குக் கேட்பேன் என்றேன். தலையாட்டினார்கள். "இனி ஃபீல்டு டிரையல்தான் தம்பி. அதில் தேறினால் உடனே வேலைக்கான ஆர்டர்."

வழக்கமாகப் பழைய சேல்ஸ்மேன் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அரை நாளோ ஒரு நாளோ அவர் வேலை செய்வதைப் பார்ப்போம். இங்கே தொரப்பாடி, பாகாயம் லைனைத் தனியாக என் தலையில் கட்டினார்கள். வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. ஆர்டர் பதியக் கையில் கொடுத்த போனில் வேறு யாரோ ஒரு சேல்ஸ்மேனின் பெயர். நான் பேசிப் பிடித்த ஆர்டர்களெல்லாம் அவர் கணக்கில் ஏறின. மறுநாள் டீலர் வண்டி வந்து சரக்கையும் இறக்கிவிட்டுப் போனது. பரீட்சை எனக்கு, வியாபாரம் அவர்களுக்கு.

குட்டு உடைந்தது தொரப்பாடியில் ஒரு பாய் கடையில். நான் ஆர்டர் கேட்டதும் பாய் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்துப் போட்டார். உள்ளே தேதி முடிந்த பாட்டில்கள். "போன வாரம் வந்த பையன் மாற்றித் தருகிறேன் என்றான். அதற்கு முந்தின வாரம் வேறு பையன். நீயும் டிரையல்தானா தம்பி?" கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வந்த பையன்களின் பெயரும் போன் எண்ணும் வரிசையாக இருந்தன. திரும்ப வராமல் போனவர்களைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். எல்லாமே அடித்திருந்தது. சில எண்களுக்கு அங்கிருந்தே அழைத்தேன். எடுத்தவர்கள் எல்லோரும் லைன் அடித்தவர்கள்தான். "மேலிடத்திலிருந்து பதில் வரும்" என்று அனுப்பப்பட்டவர்கள்தான்.

திரும்பிப் போய்க் கேட்டதும் அவசரமாக ஒரு கடிதத்தை நீட்டினார்கள். விளம்பரத்தில் 25,000 ரூபாய், கடிதத்தில் 13,500. கம்பெனியின் பெயர் மருந்துக்கும் இல்லை. வேலூர் ஏரியா என்று பேசியவர்கள் ராணிப்பேட்டை, திருப்பத்தூரையும் சேர்த்திருந்தார்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலும். சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் 2,000 ரூபாய் முன்பணமாம், அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். பெட்ரோல் காசு கேட்டேன். "டிரையலுக்கு எந்த ஊரில் காசு கொடுக்கிறார்கள்?" என்று சிரித்தார்கள்.

டீலர் அல்லது கான்ட்ராக்ட் நிறுவனத்தின் கணக்கில் சம்பளம் வருவது இந்தத் தொழிலில் சகஜம், அதைக் குறை சொல்லவில்லை. மறைப்பதுதான் அயோக்கியத்தனம். வண்டியை எடுப்பதற்கு முன்பே சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும். உங்கள் பேச்சில் ஆர்டர் ஏறினால் அது வேலை, கூலியைக் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். முன்பணத்தை ஆன்லைனில் கட்டி ஏமாந்தவர்கள் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும்.

பாட்டில் லேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கம்பெனியிடமே சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள், பதில் இன்னும் வரவில்லை. அடுத்ததாகத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த லைன்களில் டிரையல் என்று அலைந்தவர்கள் ஆர்டர் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் அழித்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.