கோதுமைத் தவிட்டோடு ஏழு வருஷம்: கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

2018-இல் முதல் மூட்டை கோதுமைத் தவிடு வாங்கியபோது என்னிடம் இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடுகள்தான் இருந்தன. இப்போது கறவையில் ஐந்து நிற்கின்றன, வளவின் பின்பக்கம் அறுபது முட்டைக் கோழிகள். தவிட்டை விடாமல் கொடுத்து வருகிறேன், இடையில் ஒரு வருஷம் கோதுமை மணியையும் கொடுத்துப் பார்த்தேன். புதிதாக மாடு வாங்கும் தம்பிமார் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் வயலுக்கும் அரிசி மில்லுக்கும் குறைவில்லை. அப்படியிருக்கக் கப்பலில் வரும் தானியத்தின் தவிடு எதற்கு என்று அப்பா கேட்டார். நான் காட்டியது ஒரு கிளாஸ் தண்ணீர். மில்லில் வாங்கிய நெல் தவிட்டில் ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டு வைத்தேன். மேலே விரல் தடிப்புக்கு உமி மிதந்தது. உமியைத் தின்று மாடு பால் தராது. நல்ல தவிடு கிடைத்தாலும் அதில் எண்ணெய் அதிகம், இரண்டு மூன்று கிழமையில் காறல் மணம் வந்துவிடும், மாடு வாளியை முட்டித் தள்ளும். கோதுமைத் தவிட்டில் அந்தத் தொல்லை குறைவு. திருகோணமலையிலும் கொழும்பிலும் உள்ள ஆலைகளில் மா அரைத்தபின் மிஞ்சுவது அது. மூட்டைக்கு மூட்டை பெரிய வித்தியாசம் இருக்காது. புரதம் 15 முதல் 17 சதவீதம் வரை இருக்கும். இந்த ஒரே சீர்தான் எனக்குப் பிடித்தது. தீன் மாறாமல் இருந்தால் பாலும் ஏறி இறங்காது.

முதல் மாதங்களில் ஒரு பிழை விட்டேன். எல்லாவற்றையும் வாளியால் அளந்தேன். கோதுமைத் தவிடு பொசுபொசுவென்று இருக்கும், ஒரு வாளித் தவிடு அதே வாளி உடைத்த சோளனின் எடையில் பாதிகூட வராது. இரண்டு வாளி கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மாட்டைப் பட்டினி போட்டிருக்கிறேன். தொங்கு தராசு ஒன்று வாங்கிக் கொட்டிலில் மாட்டிய பிறகுதான் கணக்கு சரிவந்தது. இப்போது என் கலவை: கோதுமைத் தவிடு நான்கு கிலோ, நெல் தவிடு மூன்று, தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டு, உடைத்த சோளன் ஒன்று, அதோடு கொஞ்சம் உப்பும் கனியுப்புக் கலவையும். கனியுப்பை விட்டுவிடாதீர்கள். இரண்டு தவிட்டிலும் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. பால் கறக்கும் மாட்டின் எலும்பிலிருந்துதான் அந்தக் குறை ஈடாகும்.

இனிக் கோதுமை மணியின் கதைக்கு வருகிறேன். 2020-இல் ஒரு வியாபாரி ஆலைக்கு ஆகாத கோதுமை என்று நாலு மூட்டை மலிவாகத் தந்தார். வெளிநாடுகளில் இது வழக்கம்தான். உலகில் விளையும் கோதுமையில் ஐந்தில் ஒரு பங்களவு கால்நடைக்குப் போகிறது. அறுவடை நேரம் மழை பட்டு முளைகண்ட கோதுமை பாணுக்கு உதவாது, அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அதைத் தீனாக்கிவிடுவார்கள். சோளன் விலை ஏறினால் தீன் ஆலைகள் கோதுமைக்குத் திரும்பும், இறங்கினால் சோளனுக்குப் போகும். 2021-இல் சீனாவிலும் அதுதான் நடந்தது. நானும் அந்த நினைப்பில் மில்லில் கொடுத்து நன்றாக மாவாக அரைத்து, சிவப்பி என்ற என் மாட்டுக்கு மூன்று கிலோ ஒரே தரமாகக் கலந்து வைத்தேன்.

அடுத்த நாள் காலை அவள் எழும்பவில்லை. அசை போடவில்லை. சாணம் சாம்பல் நிறத்தில், குமிழி குமிழியாக, புளித்த மணத்தோடு கிடந்தது. இடப்பக்க வயிற்றைக் கையால் அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பியது. மிருக வைத்தியர் வந்து அப்பச்சோடா கரைத்துப் பருக்கினார், ஊசி போட்டார், இரண்டு நாள் வைக்கோல் மட்டும் போடச் சொன்னார். கோதுமையின் மாச்சத்து இரைப்பையில் சோளனைவிட வேகமாகப் புளிக்கும், மாவாக அரைத்தால் இன்னும் வேகம் என்று அவர் விளக்கினார். ஒன்றிரண்டாக உடைத்து, கால் கிலோவில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டுமாம். சிவப்பி பிழைத்தாள். பால் பழைய அளவுக்கு வர ஒரு மாதம் ஆனது. அவளை அப்படிப் படுக்க வைத்தது என் அவசரம்தான்.

மிச்சத்தை உடைத்துக் கோழிக்குப் போட்டேன். கோதுமையில் புரதம் சோளனைவிடக் கூட, அதனால் நல்லது என்று எண்ணினேன். பத்து நாளில் எச்சம் பசை மாதிரி ஒட்டியது, கூட்டின் உமித் தரை ஈரமானது. கோதுமையில் உள்ள ஒருவகை நார் கோழியின் குடலில் கூழாகிவிடும். ஆலைத் தீனில் அதை உடைக்கச் சைலனேஸ் என்ற நொதியைச் சேர்ப்பார்கள், நம்மிடம் அது ஏது? முட்டையும் மாறியது. பக்கத்து வீட்டு அக்கா, “என்ன தம்பி, மஞ்சள் கரு வெளிறிக் கிடக்கு, கோழிக்கு வருத்தமா?” என்று கேட்டார். வருத்தம் இல்லை, அந்த நிறம் சோளனில் இருந்து வருவது, கோதுமையில் அது இல்லை. முருங்கை இலை போட்டுச் சமாளித்தேன். கோழித் தீனில் இப்போது கோதுமை மணி இல்லை, தவிடு மட்டும், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. முட்டை ஓட்டுக்கு வாவி மட்டியை இடித்துத் தனிச் சட்டியில் வைக்கிறேன்.

2022-ஐ நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. முந்தின வருஷம் இரசாயன உரம் நின்றதில் பெரும்போகம் விழுந்தது, நெல் இல்லையென்றால் நெல் தவிடும் இல்லை. பெப்ரவரியில் உக்ரேனில் போர். உலகச் சந்தைக்கு வரும் கோதுமையில் கால்வாசிக்கு மேல் ரஷ்யாவும் உக்ரேனும் விற்பது. மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. நம்மிடமோ டொலர் இல்லை. இரண்டு தவிடும் ஒன்றாகக் கைவிட்ட அந்த மாதங்களில் ஒரு கறவை மாட்டைக் கன்றோடு விற்றேன். மற்றவற்றைக் காப்பாற்றியது வேலியில் நின்ற கிளிசரியா மரத்து இலையும் கிணற்றடிப் புல்லும்தான். அதனால்தான் சொல்கிறேன், வாளியில் பாதிக்கு மேல் கோதுமையை நம்ப வேண்டாம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் பட்டி வைத்திருந்த என் சொந்தக்காரர் இருவர் இப்போது மாட்டைக் குறைத்து வீட்டில் கட்டித் தீன் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களிடமும் முதலில் கால் ஏக்கர் புல் நடச் சொன்னேன்.

மாரியில் கவனம் வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தில் தரையில் அடுக்கிய மூன்று மூட்டை ஈரம் இழுத்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தால் உள்ளே கட்டி கட்டியாக, சூடாக இருந்தது. பூஞ்சண நஞ்சு பாலிலும் இறங்கும், நம் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். மூன்றையும் குழிவெட்டிப் புதைத்தேன். இப்போது பலகை அடித்து, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறேன். ஐப்பசி தொடங்கினால் இரண்டு கிழமைக்கு மேல் இருப்பு வைப்பதில்லை.

பெப்ரவரி, மார்ச்சில் நெல் வெட்டு நடக்கும்போது புது நெல் தவிடு மலியும், அப்போது கோதுமைத் தவிட்டைப் பாதியாக்கி நெல் தவிட்டைக் கூட்டுவேன். எந்தக் கடையில் வாங்கினாலும் மூட்டையை அவிழ்த்து நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். மணந்து பாருங்கள். புது மா மணக்க வேண்டும். பிடித்து விட்டால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் மூட்டையைத் திருப்பிக் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.