ஏற்காட்டில் வீடு, கீழே சேலம்: மலையிலிருந்து வேலை பார்த்த அனுபவம்

ஏற்காட்டில் வாடகைக்கு வீடு எடுத்து அங்கிருந்தே கம்பெனி வேலை பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் ஏற்காட்டை மட்டும் நம்பிப் பார்க்க முடியாது. கீழே 30 கிலோமீட்டரில் சேலம் இருப்பதால்தான் இது நடக்கிறது. நான் சில வருஷமாக நாகலூர் போகிற பக்கம் ஓர் எஸ்டேட் ஓரத்து வீட்டில் இருக்கிறேன். மென்பொருள் சோதனை வேலை. கம்பெனி பெங்களூரில், வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில். வார இறுதிக்கு வந்து போகிறவர்கள் பனி, ஏரி, லேடீஸ் சீட் என்று எழுதிவிடுகிறார்கள். நான் கரண்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மலையில் எங்கே பார்த்தாலும் காபிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் நிற்கும். நெடுநெடுவென்று வளர்கிற மரம், காற்றுக்குக் கிளை சட்டென்று முறியும். கரண்ட் கம்பியும் இன்டர்நெட் கேபிளும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் போகின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரைக்கும் இரண்டில் ஒன்று எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இல்லாமல் இங்கே யாரும் வேலை பார்க்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைக்கு ஒரு பொத்தான் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் ரூட்டர் அணைந்துவிடும். மறுபடி உயிர் வந்து இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது அது ரொம்ப நீளம். பொத்தானை யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு, ரூட்டருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். உள்ளங்கை அளவுதான். இத்தனை நாளில் நான் வாங்கியதில் உருப்படியான பொருள் எது என்றால் அதைத்தான் சொல்வேன், நாற்காலியைக்கூட அதற்கு அப்புறம்தான்.

ஏப்ரல், மே மாதம் சாயங்கால இடி தனி விவகாரம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அது வழியாக இடி இறங்காது என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. அடாப்டர் வழியாக வரும். வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுவதுதான் இங்கே வழக்கம்.

கேபிள் அறுந்தால் கதை வேறு. இணைப்புப் பார்க்க வருகிற தம்பி நல்ல பையன், போனை எடுப்பான், உண்மையைச் சொல்லுவான். "அண்ணா, மரம் கம்பி மேலயே சாஞ்சு கிடக்குதுங்க. கரண்ட்காரங்க வந்து எடுத்தாத்தான் நான் ஏற முடியும்." சரி, அவனைத் திட்டி என்ன பண்ண? அன்றைக்கு மொபைல் டேட்டாதான்.

மொபைல் சிக்னலைப் பொறுத்தவரை, வீடு சேலத்தைப் பார்த்த சரிவில் இருக்கிறதா, பின்பக்கப் பள்ளத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே ஊர், அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் போன் செத்துவிடும். வீடு பார்க்க வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து ஸ்பீடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்து பாருங்கள். லாட்ஜெல்லாம் நிரம்பி, வந்தவர்கள் அத்தனை பேரும் போனில் படம் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போதும் வீடியோ கால் அறுபடாமல் ஓடினால் வீட்டை எடுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம்மும் கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் தாண்டியும் வேலை நடக்காத நாள் வரும். அன்றைக்குத்தான் சேலம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, எண் போட்ட பலகையோடு. அடிவாரம் இறங்கி, ஒரு மணி நேரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஜெனரேட்டர் உள்ள ஓர் இடத்தில் நாள் வாடகைக்கு மேசை கிடைத்துவிடும். சில வருஷம் முன்னால் இப்படி இடமே சேலத்தில் தேடினால்தான் கிடைக்கும். 2024இல் கருப்பூர் பக்கம் டைடல் நியோ என்ற ஐடி பூங்கா திறந்தார்கள், இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு டீக்கடையில் நிற்கும் பையன்களைப் பார்க்கிறேன். வேலை முடிந்து மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், சட்னி எல்லாம் வைத்துக் கொடுப்பார்களே, அது. அதைச் சாப்பிடுவதற்காகவே கேபிள் அறுந்தால் தேவலை என்று சில வாரம் தோன்றியிருக்கிறது.

பெங்களூர் ஆபீசில் முகம் காட்ட வேண்டிய நாட்களுக்கும் சேலம்தான் வசதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 200 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸும் ரயிலும் உண்டு. கார் எடுத்தால் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவில் மட்டும் ஜாக்கிரதை. கொடைக்கானலில் இப்படியே வீடு எடுத்திருக்கும் நண்பர் ஒருவர் சமவெளிக்கு இறங்கவே ரொம்ப நேரம் ஆகிறது என்கிறார். மேலும் அங்கேயும் நீலகிரியிலும் 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு இ-பாஸ். அவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அதற்கு வேறு பதிவு செய்துவிட்டு வர வேண்டும்.

பாதையே அடைபட்டால்? அதுவும் நடந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது என்பதை அந்த வாரத்தில்தான் பலர் நினைத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அரிசி, பருப்பு, மாத்திரை, காஸ் சிலிண்டர் எல்லாம் ஒன்று கூடுதலாக வைத்திருப்பேன். மேனேஜரிடமும் நவம்பர் தொடங்கும்போதே சொல்லி வைத்துவிடுவேன். அந்த இரண்டு மாதத்துக்கு, மென்பொருளின் புதுப் பதிப்பை நள்ளிரவில் வெளியிடுகிற வேலை எதையும் என் பெயரில் போடமாட்டார்கள்.

ஈரம். இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பொரித்த அப்பளம் தட்டில் வைத்து சாம்பார் ஊற்றுவதற்குள் நமத்துவிடும். உப்பு ஜாடியில் நீர் விடும். துவைத்த ஜீன்ஸ் மூன்றாம் நாளும் சில்லென்று தொங்கும். பெல்ட்டில், செருப்பு வாரில், பீரோவில் மடித்து வைத்த சான்றிதழ் உறையில் பச்சையாகப் பூஞ்சை ஏறும். கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி கோடு ஓடினால் அது தூசி இல்லை, பூஞ்சைதான். பக்கத்து எஸ்டேட் அக்கா சொன்ன வைத்தியம், பீரோவுக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிடுவது. துணியும் காகிதமும் பல்பில் படாமல் கம்பி வலை கட்டிவிட்டேன், வேலை செய்கிறது. பாஸ்போர்ட், ஹார்டு டிஸ்க் இரண்டும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில். மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஜெல்லை வாணலியில் லேசாகச் சூடுபடுத்தினால் மறுபடி ஈரம் இழுக்கும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள்.

நேரக் கணக்கும் பழக வேண்டியது. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் கோடையில் நமக்கு ராத்திரி ஏழரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் எட்டரை. சென்னையில் இது பெரிய விஷயம் இல்லை, பத்து மணிக்கும் பரோட்டா கிடைக்கும். இங்கே கடைகள் கூடியிருக்கும் ஒண்டிக்கடை என்ற இடத்திலேயே ஒன்பது மணிக்குள் ஷட்டர் இறங்கிவிடும், எஸ்டேட் பாதையில் காட்டெருமை நிற்கும். இருட்டில் பைக் விளக்கு பட்டதும் அது நகராது, நாம்தான் நிற்க வேண்டும். அதனால் ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே தயார், மீட்டிங் முடிந்தபின் கதவைத் திறப்பதில்லை.

பதிலுக்குக் கிடைப்பது காலை நேரம் முழுக்க. மத்தியானம் வரை யாரும் கூப்பிடமாட்டார்கள். மார்ச்சில் ஒரு மழை விழுந்து சில நாளில் காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி வாசம் ஜன்னலுக்குள் வரும்போது லேப்டாப்பைத் திறக்க மனசு வராது. சேலம் 40 டிகிரியில் வேகும்போது இங்கே மின்விசிறியோடு சரி, ஏசி பில் கிடையாது. வாடகை மிச்சம் என்று நினைத்து மட்டும் வராதீர்கள். இன்வெர்ட்டர், இரண்டு இணைப்பு, கீழே மேசை வாடகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் சேலத்தில் நல்ல வீட்டுக்கே கொடுத்திருக்கலாம். குழந்தைக்கோ வயதானவர்களுக்கோ பெரிய டாக்டர் அடிக்கடி தேவைப்படும் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடைசியாக மே மாதம். கோடை விழாவும் பள்ளி விடுமுறையும் சேரும்போது ஏற மலைப்பாதை, இறங்கக் குப்பனூர் என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். பால் வாங்கப் போனாலும் வரிசை. வீட்டுக்காரர்களுக்கு அதுதான் வருமானம் பார்க்கும் சமயம். எங்கள் வீட்டுக்கார அம்மா நேராகவே கேட்டார்: "தம்பி, மே மாசம் மட்டும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துருங்க, நாள் வாடகைக்கு விட்டுக்கறேன். மத்த மாசத்துக்கு உங்களுக்குக் குறைச்சுக்கறேன்." எனக்கும் அது சரியாகப் பட்டது. மே மாதம் சேலத்தில் மல்கோவாவும் இமாம் பசந்தும் இருக்கின்றன, வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் எப்படியும் 11 மாதத்துக்குத்தானே போடுகிறார்கள், அதை ஜூன் முதல் தேதியில் ஆரம்பித்து ஏப்ரல் கடைசியில் முடியும்படி போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி யாருடையது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.