நீள்வட்டத் துளை ஆர்ச்டாப் கிதாரில் பிக்அப்: நான்கு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1920-களின் தொடக்கத்தில் கிப்சன் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் செய்த எல்-4 என்ற மாடல். வயலினைப் போல முகப்பலகையைச் செதுக்கி வளைத்த ஆர்ச்டாப் கிதார்தான். ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக, ஆங்கில 'f' எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளைகள் இதில் கிடையாது. தந்திகளுக்கு அடியில் குறுக்குவாட்டில் அகன்ற ஒரே ஒரு நீள்வட்டத் துளை. கிப்சன் கிதார்களில் எஃப் துளை 1922-இல் எல்-5 மாடலுடன்தான் வந்தது. ஜாஸ் கிதார் கலைஞர் எடி லாங் எல்-5க்கு மாறும் முன் வாசித்தது எல்-4. அவருடைய பழைய இசைத்தட்டுகளில் கேட்ட அந்த உருண்டையான, கதகதப்பான நாதத்துக்காகத்தான் இதை வாங்கினேன்.

பிக்அப் என்பது தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி. காந்த பிக்அப் பொருத்திய கிதார் கடைக்கு வந்தது 1932-இல். என் கிதார் அதற்கும் மூத்தது. பிக்அப்புக்கென்று யாரும் இதில் இடம் விட்டு வைக்கவில்லை. டொராண்டோவின் சிறிய உணவகங்களில் ஒரு வயலின், ஒரு டிரம்ஸுடன் வாசிக்கிறேன். முன்னால் மைக் வைத்தால் அதில் பாதி டிரம்ஸ்தான் விழுகிறது. பிக்அப் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது அப்படித்தான்.

ஆர்ச்டாப்புக்கென்று விற்கும் மிதவை பிக்அப்புகள் எஃப் துளைக் கிதாரை நம்பிச் செய்யப்பட்டவை. அந்தக் கிதார்களில் ஃபிங்கர்போர்டின் (விரல் வைத்து அழுத்தும் பலகையின்) நுனி பலகைக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் பிக்அப்பைத் திருகிவிடலாம். எல்-4இல் ஃபிங்கர்போர்டு பலகையோடு படிந்து கிடக்கிறது. அது முடிந்த கையோடு துளை தொடங்கிவிடுகிறது. திருகுவதற்கு இடமே இல்லை.

அதனால் முதலில் வாங்கியது, சாதாரண கிதாரின் வட்டத் துளையில் கவ்விக்கொள்ளும் காந்த பிக்அப். சமையலறைத் தராசில் 92 கிராம். தட்டையான பலகைக்கு அந்தக் கவ்வி பொருந்தும். வளைந்த பலகையின் விளிம்பில் இரண்டே புள்ளிகளில்தான் பட்டது. கார்க் துண்டுகளைச் செருகி நிறுத்தினேன். ஒலிபெருக்கியில் சத்தம் மோசமில்லை. ஆனால் வயரைக் கழற்றிவிட்டு வீட்டில் வாசித்தால், வாயில் துணி வைத்துப் பேசுவது போல் கிதார் அடைத்துக்கொண்டது. விரல்முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தேன். பிக்அப் இல்லாதபோது 'தொம்' என்று நீளும் ஒலி, பிக்அப் இருந்தால் 'டொக்' என்று செத்துப்போனது. மூன்றாம் மாதம் கவ்வி நழுவி, நூறு வருட வார்னிஷில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. அன்றே கழற்றிவிட்டேன். அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் வலிக்கிறது.

அடுத்தது பீசோ, அதாவது மரத்தின் அதிர்வை நேரடியாக உணரும் பிக்அப். வீணைக் கலைஞர்கள் பலகைமேல் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதன்மேல் எனக்குத் தொடக்கத்திலிருந்தே நம்பிக்கை. நாணயம் போன்ற மூன்று வில்லைகளைப் பலகையின் உட்புறம், குதிரையின் (தந்திகளைத் தாங்கும் கட்டையின்) கால்களுக்கு நேர் கீழே ஒட்ட வேண்டும். எஃப் துளை வழியாக இதைச் செய்வது தனி வித்தை. நீள்வட்டத் துளையில் நான்கு விரல்கள் தாராளமாக உள்ளே போகும். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கண்ணாடியும் ஒரு சின்ன டார்ச்சும் இருந்தால் போதும். பசையைத் தவிர்த்து, பிசைந்து ஒட்டும் புட்டி மாவால் ஒட்டினேன். சரியான இடம் கிடைக்க ஐந்தாறு முறை மாற்ற வேண்டியிருந்தது.

மரத்தின் குரலை அப்படியே தந்தது பீசோதான். ஒன்றை மறக்காதீர்கள்: குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட ப்ரீஆம்ப் (முன் பெருக்கி) வழியாகத்தான் இதைச் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடித்தந்திகள் காணாமல் போய், தகரம் தட்டுவது போலக் கேட்கும். அமைதியான அரங்குக்கும் ஒலிப்பதிவுக்கும் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. டிரம்ஸ் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. சத்தத்தைக் கூட்டியதும் 110 ஹெர்ட்ஸ் பக்கம் ஊளையிடத் தொடங்கும். சட்டைக் கை உரசுவதுகூட அரங்கம் முழுக்கக் கேட்கும். கோடையில் புட்டி இளகி, ஒரு வில்லை கச்சேரி நடுவே கழன்று விழுந்தது.

மூன்றாவது வழியைச் சொன்னவர் கிதார் பழுது பார்க்கும் ஒரு முதியவர். "பலகையைத் தொடாதே, பிக்கார்டில் தொங்கவிடு" என்றார். பிக்கார்டு என்பது முகப்பலகையில் கீறல் படாமல் காக்கும் தகடு. எல்-4இன் பிக்கார்டு ஒரு பக்கம் ஃபிங்கர்போர்டையும் மறுபக்கம் விலாவில் (கிதாரின் பக்கச் சுவரில்) ஒரு கவ்வியையும் பிடித்து, பலகைக்கு மேலே உயர்ந்து நிற்கும். அசல் பிக்கார்டு செல்லுலாய்டு. வயதாகிச் சிதையும் செல்லுலாய்டு வெளிவிடும் ஆவி அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். அதனால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கருங்காலியில் அதே அளவில் ஒன்று செய்துகொண்டேன். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய காந்த பிக்அப் அதன் ஓரத்திலிருந்து நீண்டு, துளைக்குள் சற்றே இறங்கி நிற்கிறது. எஃப் துளைக் கிதாரில் இந்த ஆழம் கிடைக்காது. இத்தனை நாள் இடைஞ்சலாக நினைத்த துளையே இடம் கொடுத்தது. துளையின் ஒரு பகுதி மறைவதால் உட்காற்றின் ஒத்ததிர்வும் தணிந்து, ஊளையும் குறைந்தது.

இதற்கு நான் கொடுத்த விலை தந்திகள். வெண்கலச் சுற்றுத் தந்தியில் காந்தம் உணர்வது உள்ளே இருக்கும் எஃகை மட்டுமே. சுற்றே இல்லாத பி தந்தி மட்டும் துள்ளிக்கொண்டு முன்னே நிற்கும். நிக்கல் சுற்றுத் தந்திக்கு மாறி, பி தந்திக்குக் கீழுள்ள திருகை இரண்டு சுற்று இறக்கிய பிறகே ஆறும் ஒரே வரிசைக்கு வந்தன. வெண்கலத்தின் மினுமினுப்பு போனது உண்மை. ஒரு மாதம் அதற்காக ஏங்கினேன்.

வயரைச் செருகும் ஜாக்குக்காக விலாவில் துளை போடச் சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸின் திருகோடு சேர்த்து முடுக்கிய ஒரு சிறிய பித்தளைத் தகடுதான் என் ஜாக்கைத் தாங்குகிறது. கழற்றினால் சுவடே இருக்காது.

இங்கே ஜூலையில் பலகை ஈரம் குடித்து உப்பும். ஜனவரியில் ஹீட்டர் காற்றில் வற்றி இறங்கும். குதிரையும் தந்திகளும் அதோடு ஏறி இறங்க, பிக்அப் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஆண்டுக்கு இருமுறை குதிரையின் சக்கரங்களைத் திருகி, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, அடித்தந்திக்கு 3 மில்லிமீட்டர், மேல்தந்திக்கு 2 மில்லிமீட்டர் என்று பிக்அப்புடன் இடைவெளி வருமாறு சரிசெய்கிறேன்.

பீசோவை முழுவதும் கைவிடவில்லை. இரண்டையும் ஒரு சிறிய மிக்ஸரில் கலந்து, மேடையில் காந்தம் ஏழு பங்கு, பீசோ மூன்று பங்கு என்று வைக்கிறேன். டிரம்ஸ் இல்லாத நாட்களில் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுவேன். போன வாரம் வயலினுடன் மட்டும் வாசித்தபோது காந்தத்தை முழுவதும் அணைத்துவிட்டேன். கடைசி மேசையில் இருந்தவர் எழுந்து வந்து, மைக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துளைக்குள் குனிந்து பார்த்தார்.