ட்சுமெப் அசுரைட்டா, காவோகோவெல்ட் ஷட்டக்கைட்டா?

ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கத்து நீலக் கனிமம் ஒன்று வீட்டு அலமாரிக்கு வேண்டும் என்று இறங்கினால், கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். நமீபியாவின் ட்சுமெப் சுரங்கத்து அசுரைட் ஒன்று. அதே நாட்டின் வடமேற்கில் காவோகோவெல்டிலும், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கட்டங்காவிலும் கிடைக்கும் ஷட்டக்கைட் இன்னொன்று. நான் வாங்கியது ஷட்டக்கைட். இன்றைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பார்வைக்கு அசுரைட்தான் முந்தும், அதில் வாதமே இல்லை. அந்தக் கருநீலமும் பட்டை தீட்டியது போன்ற முகங்களும் ஷட்டக்கைட்டுக்குக் கிடையாது. திரும்ப விற்கும்போதும் அசுரைட்டுக்குத்தான் மவுசு. சுரங்கத்தை 1996இல் மூடிவிட்டார்கள், இப்போது கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறி வருபவை, அதனால் நல்ல துண்டின் விலை எங்கேயோ இருக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அசுரைட் ஒரு செம்புக் கார்பனேட். கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கரியமில வாயுவை விட்டால் அது மலக்கைட் என்ற வேறு கனிமமாகிவிடும், அதாவது பச்சை. ட்சுமெபிலேயே, படிகத்தின் விளிம்பும் முகமும் அப்படியே இருக்க, உள்ளே முழுக்க மலக்கைட்டாக மாறிப்போன அசுரைட்டுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, அதற்கென்றே தேடி வாங்குபவர்களும் உண்டு. பூமிக்குள் நடந்த அந்த மாற்றம் உங்கள் அலமாரியில் நாலு வருஷத்தில் நடந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் பளிச்சென்ற வெளிச்சம், சூடு, திறந்த காற்று மூன்றும் சேர்ந்தால் நாளடைவில் நீலம் மங்கும் என்பதால், குளிர்ச்சியான இடத்தில் மூடி வைக்கத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வீரியம் குறைந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டாலும் நுரைத்துக் கரையும், ஆகவே மேலே ஒட்டியிருக்கும் கால்சைட் என்ற கனிமத்தை நீக்க அமிலத்தில் போடுவது போன்ற வேலையெல்லாம் இதனிடம் நடக்காது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கி விளக்கு போட்டுப் பார்க்கவே யோசிக்க வேண்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஷட்டக்கைட் சிலிக்கேட் வகை. விட்டுக்கொடுக்க அதனிடம் கார்பனேட் கிடையாது, அதனால் மலக்கைட்டாகும் இந்தக் கவலை இல்லை. முதலில் அரிசோனாவின் பிஸ்பீயில், ஷட்டக் சுரங்கத்தில் கண்டெடுத்து 1915இல் விவரித்தார்கள், பெயரும் அங்கிருந்துதான். என்னிடம் இருக்கும் காவோகோவெல்ட் துண்டை லென்ஸில் பார்த்தால், வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் மயிரிழை போன்ற நீல ஊசிகள் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் விரிந்து சின்னச் சின்ன உருண்டைகளாக நிற்பது தெரியும். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது வெறும் 3.5. இழைகள் வெளியே தெரியும் துண்டானால் விரல் பட்டாலே நசுங்கும், தூசி ஏறினால் ஊதுபந்தால் மெதுவாக ஊதுவதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் குவார்ட்ஸுக்குள் பொதிந்த துண்டாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். குவார்ட்ஸின் கடினம் 7, உள்ளே இருப்பதை அதுவே காத்துக்கொள்ளும், பாலிஷும் நன்றாக ஏறும்.

அப்புறம், வாங்கும்போது ஏமாற வாய்ப்பு அதிகம் இருப்பதும் ஷட்டக்கைட்டில்தான். கிரிசோகொல்லா என்ற இன்னொரு செம்புக் கனிமத்தை இந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். அது நீர் வற்றி வெடிப்பு விடக்கூடிய கல், நிறமும் பெரும்பாலும் பச்சை கலந்த நீலம். பிளாஞ்சைட் விஷயம் இன்னும் சிக்கல். காங்கோ குடியரசின் மிந்தூலியிலிருந்து 1908இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் லக்ருவா விவரித்த இதுவும் நீல இழைச் செம்புச் சிலிக்கேட்தான், சில சமயம் ஷட்டக்கைட்டோடு ஒரே கல்லிலேயே இருக்கும், கண்ணால் பிரிப்பது கஷ்டம், எக்ஸ்ரே சோதனைதான் வழி. விற்பவர் அடித்துச் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அது பிளாஞ்சைட்டாகவே இருந்துவிட்டாலும் நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, அது ஷட்டக்கைட்டை விடக் கடினமானது. ஆனால் பிளாஞ்சைட்டை நீண்ட நாள் வைத்திருந்த அனுபவம் எனக்கு இல்லை, கட்டங்காக் கற்களையும் கைமேல் வைத்துப் பார்த்தது குறைவு, அந்த அளவுக்கு என் பேச்சைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் எந்தச் சுரங்கம், எந்தப் பகுதி என்று எழுதிய சீட்டைக் கல்லோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். ட்சுமெப் என்று எழுதியிருப்பதற்குத்தான் அசுரைட்டில் பாதி விலை கொடுக்கிறோம்.