சகாயிங் கப்பலின் பீரங்கி என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பித்தளை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் பழைய கப்பற் பொருட்களைத் தேடி வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன். கடந்த தை மாதம் 240,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கயிறு எறியும் பீரங்கி போலியானது. அதை விற்றவரிடம் இதே போன்ற இன்னும் இரண்டு இருப்பதாக அண்மையில் அறிந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுவதற்கு அதுவே காரணம்.

கயிறு எறியும் பீரங்கி சண்டைக்கு உரியதன்று. கரைக்கு அருகில் தரைதட்டி உடைந்துகொண்டிருக்கும் கப்பலை எந்தப் படகாலும் நெருங்க முடியாத வேளையில், மெல்லிய கயிறொன்றை அதன் மேல்தட்டுக்கு எறிந்து, அக்கயிற்றைக்கொண்டு தடித்த வடத்தை இழுப்பித்து, அந்த வடத்தின் வழியே மாலுமிகளை ஒவ்வொருவராகக் கரைசேர்ப்பதற்காக உருவான கருவி அது. இங்கிலாந்தின் யார்மத் கரையில் 1808 இல் மான்பி என்பவர் சிறு பீரங்கியால் கயிறெறிந்து ஒரு கப்பலின் ஆட்களைக் காப்பாற்றினார். பின்னர் 1870களின் இறுதியில் அமெரிக்கப் படை அதிகாரி டேவிட் லைல் வடிவமைத்த வெண்கலப் பீரங்கியே சேகரிப்பாளர்கள் இன்று அதிகம் தேடுவது. டொக்யார்டில் வேலை செய்த என் தகப்பனார் இவற்றைப் பொதுவாக ‘லைன் கன்’ என்றுதான் சொல்வார். அவர் சொன்ன கதைகளே என்னை இந்தச் சேகரிப்புக்குள் இழுத்துவிட்டன.

விற்றவர் காட்டியது லைல் பீரங்கி. அமெரிக்கப் பொருள் சகாயிங் போன்ற பிரித்தானியக் கப்பலுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எல்லா நாட்டுச் சாமான்களும் இந்தத் துறைமுகத்துக்கு வந்தன என்றார். அது முற்றிலும் பொய்யுமன்று. ஆனால் 500 தொன்னுக்கு மேற்பட்ட பிரித்தானியக் கப்பல்கள் கயிறெறியும் கருவி வைத்திருக்க வேண்டுமென்ற சட்டம் 1929 இல் நடைமுறைக்கு வந்தபோது, அக்கப்பல்களில் பரவலாக ஏறியது கைத்துப்பாக்கியால் கயிற்றோடு ஏவப்படும் ஷெர்முலி என்பவரின் ரொக்கெட் என்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் அந்த இடத்தில் அதை நினைக்க விரும்பவில்லை. காரணம், அவர் சொன்ன பெயர் சகாயிங். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்து, பின்னர் நமது துறைமுகத்தின் அடியில் கிடந்து, 2018 இல் கடற்படையினரால் மேலே கொண்டுவரப்பட்ட கப்பல் அது. அந்தப் பெயரைக் கேட்டதும் என் கண் பொருளை விட்டுக் கதைக்குப் போய்விட்டது.

உண்மையில் முதல் நாளே எல்லாம் வெளிச்சமாகத்தான் இருந்தது. லைல் பீரங்கியின் குழல் மட்டும் சுமார் 74 கிலோ. என் வீட்டு வாசலில் முச்சக்கர வண்டியிலிருந்து அதைத் தாங்கும் மரக்கட்டையோடு சேர்த்து இறக்கி, தோளில் வைத்துப் படியேறி வந்தவன் மெலிந்த பையன் ஒருவன். அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. நான் அவனுக்குத் தேநீர் கொடுத்தேன்.

குழல்வாயில் சேறும் சிப்பியும் இறுகியிருந்தன. அதை அகற்றினால் பெறுமதி குறைந்துவிடும் என்று எச்சரித்தார்கள். இரண்டு மாதம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு மனைவி, குத்துவிளக்கு துலக்குவதற்குக் கரைத்த புளியில் மிச்சமிருந்ததைக் குழலின் அடிப்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒரே தேய்ப்பில் பச்சைக் களிம்பு முழுவதும் வழிந்துபோக, கீழே குழியோ அரிப்போ இல்லாத மஞ்சட் பித்தளை பளபளத்தது. எழுபத்தைந்து ஆண்டு உப்புநீரில் கிடந்த உலோகம் அப்படி இருக்காது.

அதன் பின்னரே குழல்வாயைச் சுரண்டினேன். உட்துளை ஒரு சாணில் முடிந்தது. வெடிமருந்தைப் பற்றவைக்கும் துவாரமும் மேலே ஒரு சிறு குழிதான்; உள்ளே போகவில்லை. கூடக் கொடுத்த குண்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். உண்மையான குண்டு சுமார் 8 கிலோ எடையுள்ள நீண்ட உருளை. அதன் தண்டு குழல்வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெடியின் நெருப்பில் கருகாதபடி கயிறு அத்தண்டின் முனையிலுள்ள வளையத்தில் கட்டப்படும். குழலைவிட்டுக் கிளம்பியதும் கயிற்றின் இழுவையால் குண்டு தலைமாறி, வளையம் பின்னால் வரப் பறக்கும். எனக்குக் கிடைத்தது வளையம் ஒட்டவைத்த கட்டடக் கம்பித் துண்டு. எனக்குத் தெரிந்த, பித்தளை வேலை செய்யும் கன்னார் ஒருவர் குழலின் பக்கவாட்டில் ஓடிய அச்சுக் கோட்டை விரலால் தடவிக் காட்டி, மணல் அச்சில் வார்த்தது, வார்த்தும் அதிக காலம் ஆகவில்லை என்றார். தராசில் 31 கிலோ நின்றது.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் ஏமாற்றின் நுட்பம் விளங்கியது. விற்ற அன்று அவர், “ஐயா, வழியில மறிச்சுக் கேட்டாங்களெண்டா துவக்கு எண்டு சோலி வரும், பில்லில அலங்காரச் சாமான் எண்டு எழுதிவிடுறன்” என்று அக்கறையோடு சொன்னார். சோதனைச் சாவடிகளோடு வாழ்ந்து பழகிய இந்த ஊரில் அந்தப் பேச்சை மறுக்க யாருக்குத் தோன்றும்? நன்றி சொல்லி வாங்கினேன். இப்போது அதே பில்லை எடுத்து நீட்டி, ‘பித்தளை அலங்காரப் பீரங்கி ஒன்று’ என்ற வரியைச் சுட்டிக்காட்டி, தான் எழுதியதைத்தான் விற்றதாகச் சொல்கிறார். பொலிஸில் முறையிடவும் என்னால் முடியவில்லை. சகாயிங் கப்பலிலிருந்து எடுத்த பொருள் என்று நம்பி வாங்கினேன் என்று எழுதிக்கொடுத்தால், கடற்படை மீட்ட கப்பலின் சாமானை எந்த உரிமையில் வாங்கினீர்கள் என்ற கேள்வி முதலில் எனக்கே வரும். அந்தக் கேள்வியை வாங்கும்போது நான் என்னிடமே கேட்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவரிடம் மீதமுள்ள இரண்டில் ஒன்று, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலுடையதாம். போய்ப் பார்த்துவந்த நண்பரிடம் அதைத் தூக்கிக் காட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு பையன்தான் என்றார்.