கிளட்ச் டிராக்டரா, ஹைட்ரோஸ்டேடிக்கா? புதிதாக ஓட்டுபவருக்கு எது பாதுகாப்பு

டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறனையும் டயரையும் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதை ஓட்டப் போகிறவருக்கு எவ்வளவு பழக்கம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி அதுதான்.

வித்தியாசம் காலடியில் இருக்கிறது. கிளட்ச் வண்டியில் கியரைப் போட்டுவிட்டு இடது காலை மெதுவாக எடுக்க வேண்டும். ஹைட்ரோஸ்டேடிக்கில் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரு பெடல் முன்னே போக, ஒன்று பின்னே போக. காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைந்து நிற்கும்.

லோடர் வேலையில் இதன் அருமை தெரியும். மண்ணை அள்ளு, பின்னே வா, திரும்பு, கொட்டு என்று நாள் முழுக்க முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதித்தால் மதியத்துக்குள் கால் சோர்ந்துவிடும். சோர்ந்த கால் கிளட்சைப் பட்டென்று விடும். ஹைட்ரோஸ்டேடிக்கில் புதியவருடைய கண் கியரைத் தேடாமல் பக்கெட்டின் மேலேயே இருக்கும்.

ஆனால் கிளட்சைப் பட்டென்று விடுவதில் உள்ள ஆபத்து வெறும் குலுக்கல் இல்லை. மேட்டில் பாரம் இழுக்கும்போது அப்படி விட்டால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாகக் கவிழலாம். இனி மீட்க முடியாது என்ற நிலையை எட்ட முக்கால் வினாடி போதும். என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் முடிந்துவிடும். ஹைட்ரோஸ்டேடிக்கில் விசை படிப்படியாக ஏறுவதால் இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. ஒன்று மட்டும்: இழுவைச் சங்கிலியை டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில்) மாட்டாமல் அச்சுக்கு மேலே எங்காவது மாட்டினால் எந்த வண்டியும் பின்பக்கம் கவிழலாம்.

இறக்கத்தில் கதை மாறுகிறது. கிளட்ச் வண்டியில் இறங்கும் முன்பே தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பயந்துபோய் நடுவழியில் கிளட்சை மிதித்தால்தான் வண்டி ஓட்டம் எடுக்கும். ஹைட்ரோஸ்டேடிக்கும் தாழ்ந்த ரேஞ்சில், அதாவது லீவரை மெதுவான வேகத்துக்கு வைத்திருந்தால், நன்றாகப் பிடிக்கும். ஆனால் உயர்ந்த ரேஞ்சில், பின்னால் கனமான ட்ரெய்லரோடு இறங்கினால் அந்தப் பிடி போதாமல் போகலாம். பாதி இறக்கத்தில் ரேஞ்ச் லீவரைத் தொடவே கூடாது. நியூட்ரலுக்குப் போனால் அந்தப் பிடியும் போய்விடும். நிறுத்திய பிறகும் சரிவில் மெல்ல நகரும் என்பதால் பார்க்கிங் பிரேக் கட்டாயம்.

இங்கேதான் எனக்குக் கவலை. ஹைட்ரோஸ்டேடிக் தைரியத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுகிறது. அது பெடலைப் பற்றிய தைரியம். சரிவையும் பள்ளத்தின் விளிம்பையும் பற்றிய அறிவு அதோடு வருவதில்லை. பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் எந்த வண்டியும் பக்கவாட்டில் சாயலாம். கிளட்ச் வண்டி ஆரம்பத்திலேயே கொஞ்சம் மிரட்டுவதால் ஓட்டுபவர் நிதானமாகப் பழகுகிறார். அதற்காகப் பயத்தையே பயிற்சியாக்கச் சொல்லவில்லை. ஹைட்ரோஸ்டேடிக்கில் பழகுபவருக்குச் சரிவில் ஓட்டுவதைத் தனியாக, பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உழவு, பார இழுவை என்றால் கியர் வண்டிதான். ஹைட்ரோஸ்டேடிக்கில் எஞ்சின் சக்தியில் ஒரு பகுதி எண்ணெய்ச் சூடாகவே வீணாகிறது, விலையும் கூடுதல். இரண்டுக்கும் நடுவே, ஒரே லீவரில் முன்னும் பின்னும் மாற்றும் ஷட்டில் கியர் வண்டியும் உண்டு.

பி.டி.ஓ., அதாவது மாட்டிய கருவிக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் சுழல் தண்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு 9. துணி சிக்கினால் கையை இழுக்க நேரமில்லை. மூடி இல்லாத தண்டின் பக்கம் போகவே வேண்டாம்.

என் முடிவு: புல்வெட்டு, லோடர் என்று முன்னும் பின்னுமாக வேலை, ஓட்டுபவரும் புதியவர் என்றால் ஹைட்ரோஸ்டேடிக். ஆனால் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பாரும் சீட் பெல்ட்டும் அதற்கும் முன்னால் வரவேண்டும். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பார் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். மடக்கியிருந்தால் போடக் கூடாது. ரோல் பார் இல்லாத ஹைட்ரோஸ்டேடிக்கும், ரோல் பார் உள்ள பழைய கிளட்ச் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் நான் கிளட்ச் வண்டியைத்தான் எடுப்பேன்.