ஒன்பது வருடமாக ஒரு ஃபியூஷியா போன்சாய்

என் ஃபியூஷியா மரம் தொட்டிக்கு வந்து இந்தப் பிப்ரவரியோடு ஒன்பது வருடம் ஆகிறது. மண்ணிலிருந்து உச்சி வரை 34 சென்டிமீட்டர் உயரம். அடித்தண்டு 6 சென்டிமீட்டர் பருமன். மே மாதம் வந்துவிட்டால் சிவப்பும் ஊதாவுமாகக் கிளைக்குக் கிளை தொங்கும், தேன்சிட்டு காலையிலேயே வந்து ஜன்னலோரம் கத்தும். அம்மா இதை ஜிமிக்கிப் பூ என்றுதான் சொல்வார், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பெயர். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, தொங்குதொட்டியில் வளரும் இந்தச் செடியை மரமாக்க முடியுமா என்பது. முடியும். ஆனால் ஆலையும் அத்தியையும் போன்சாய் ஆக்கும் முறையை இதன் மேல் போட்டால் இரண்டே வருடத்தில் செடி கைவிட்டுப் போகும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வருடமாவது மிச்சமாகும்.

நான் இருப்பது ஊட்டியில், ஃபெர்ன்ஹில் பக்கம். 2017 பிப்ரவரியில் கோத்தகிரி போகும் வழியில் ஒரு பழைய பங்களாவில் மதில் கட்டுவதற்காக வேலிச்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாஜெல்லனிகா வகை என்று பூவைப் பார்த்ததும் தெரிந்தது, ஒல்லியான ஒற்றைப் பூ, வெளியே சிவப்பு, உள்ளே ஊதா. வருடாவருடம் வேலியாக வெட்டி வெட்டி அடிக்கட்டை கை மணிக்கட்டுப் பருமனுக்கு வந்திருந்தது. கேட்டதும் தோட்டக்கார அண்ணன் மூன்று கட்டைகளைத் தோண்டிக் கொடுத்தார். “வேரை வெயில்ல காட்டாதீங்கம்மா, ஈரச் சாக்குல சுத்திக்கோங்க” என்று அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். தென் சிலி, அர்ஜென்டினா பக்கத்துக் குளிர்ப் பிரதேசச் செடி இது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கெர்ரி, கார்க் பகுதிகளில் சாலையோர வேலியாகவே பரவிக் கிடக்கிறது, அங்கே ஐரிஷ் மொழியில் இந்தப் பூவுக்குக் கடவுளின் கண்ணீர் என்று பெயர். நியூசிலாந்தில் இதே இனத்தில் ஒரு வகை 12 மீட்டருக்கும் மேல் உயரும் மரமாகவே வளர்கிறது, பட்டை தாள்தாளாக உரியும். ஆக, மரமாகும் குணம் இந்த இனத்திலேயே இருக்கிறது, நாம் ஒன்றும் வலிந்து திணிக்கவில்லை.

மூன்று கட்டைகளையும் 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஆற்றுமணலும் இலைமக்கும் கலந்த மரப்பெட்டியில் நட்டு நிழலில் வைத்தேன். நாலு வாரத்தில் வெறும் கட்டையின் பட்டையைப் பிளந்துகொண்டு சிவப்பு மொட்டுகள் வந்தன. பழைய மரத்தில் வெட்டினாலும் துளிர்க்கும், இந்தச் செடியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணமே அதுதான். ஒன்று மட்டும் பிழைக்கவில்லை, அதற்கு வேரை அளவுக்கு மீறிக் கழித்துவிட்டேன்.

இப்போது கம்பி விஷயம். போன்சாய் என்றதும் எல்லோரும் கம்பி சுற்றத்தான் ஆரம்பிப்பார்கள், நானும் அலுமினியக் கம்பியோடுதான் உட்கார்ந்தேன். ஃபியூஷியா கிளை மேல்பார்வைக்கு இளசாகத் தெரியும், ஆனால் தண்டோடு சேரும் மூட்டில் அதற்குப் பிடிப்பே கிடையாது. நடுவில் வளைத்தால் மூட்டில் மளுக்கென்று ஒடியும். முதல் வருடம் இப்படி மூன்று கிளைகள் போயின. ஒடியாமல் நின்ற கிளையில் ஆறு வாரத்தில் கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது. அவசியம் வளைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, கிளை லேசாகத் துவண்ட பிறகு, மூட்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, சணல் கயிற்றால் தொட்டியோடு இழுத்துக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். முற்றாத பச்சைத் தண்டில் மட்டும்தான் இதைச் செய்கிறேன்.

மற்றபடி என் மரத்தின் உருவம் முழுக்கக் கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில், வந்தது. சீனத்தில் குவாங்டாங் பக்கம் லிங்னான் என்று ஒரு முறை உண்டு, வெட்டி வளரவிடு, மறுபடி வெட்டு, அவ்வளவுதான். ஃபியூஷியாவுக்காகவே கண்டுபிடித்தது போல இருக்கும். காரணம் இலை அமையும் விதம். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், ஒரு ஜோடி இடவலமாக என்றால் அடுத்த கணுவில் ஜோடி முன்பின்னாக இருக்கும். எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் புதுக்கிளை வரும். வெட்டுவதற்கு முன்னால் கணுவைப் பார்த்துவிட்டால் கிளை எங்கே போகும் என்பது நம் கையில். ஆனால் ஜோடி மொட்டு இரண்டையும் விட்டால் கவண்கட்டை போல நிற்கும், மரம் மாதிரியே இருக்காது. அதனால் ஒன்றை நகத்தால் எடுத்துவிடுவேன், முதன்மைக் கிளைகளில் இது கட்டாயம். நுனிப் பக்கம் அடர்த்தி வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் இரண்டையும் விடுவேன். சில தண்டில் கணுவுக்கு மூன்று இலை வரும், அது உச்சியை நிரப்பத் தோதானது.

எங்கே வெட்டுவது என்பதிலும் தவறு செய்தேன். கணுவை ஒட்டி வழித்து வெட்டினால் வெட்டு காயும்போது கணுவையும் சேர்த்துக் காயவைத்து, ஒரு கணு கீழே இறங்கித்தான் நிற்கிறது. ஒரு சென்டிமீட்டர் குச்சியை விட்டு வெட்டுங்கள். அது காய்ந்து கணுவோடு நிற்கும், இரண்டு மாதம் கழித்துக் காய்ந்ததை மட்டும் கழித்துவிடலாம். பெரிய வெட்டுக் காயம் இதற்கு மூடாது. 2018இல் பின்பக்கம் ஒரு தடித்த கிளையைத் தட்டையாக வெட்டினேன், மழையில் நீர் தேங்கி உள்ளே இற்றுப்போய் இப்போது அங்கே ஒரு பொந்து. நீர் வழியும்படி கீழ்விளிம்பைச் செதுக்கிவிட்டேன், பார்க்க வயதான மரத்தின் பொந்து போலத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த இடத்தில் தண்டு பலவீனம்தான். தடித்த கிளையை எடுப்பதாக இருந்தால் சாய்வாக வெட்டுங்கள், ஜூன், ஜூலை மழையில் வெட்டவே வேண்டாம். இங்கே உறைபனி விழுவது நின்றபிறகு, பிப்ரவரி இரண்டாம் வாரம் பெரிய கவாத்தை வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பூ. ஃபியூஷியா புதுத் துளிரில்தான் பூக்கும். ஒவ்வொரு முறை நுனி கிள்ளும்போதும் பூவைத் தள்ளிப்போடுகிறோம். உருவமா பூவா என்று முடிவெடுக்காமல் மாதாமாதம் கிள்ளிக்கொண்டே இருந்ததால் முதல் மூன்று வருடம் எனக்குப் பூவே சரியாகக் கிடைக்கவில்லை. நாலு இதழ் ஒற்றைப் பூ வகைக்குக் கடைசிக் கிள்ளலிலிருந்து சுமார் 60 நாள், அடுக்குப் பூவுக்கு 80 நாளுக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. ஊட்டியின் இரவுக் குளிரில் என் ஒற்றைப் பூ மரம் 70 நாள் எடுத்துக்கொள்கிறது. மே நடுவில் பிள்ளைகளுக்கு லீவு விட்டுச் சொந்தபந்தம் வரும்போது பூத்திருக்க வேண்டும் என்பதால் மார்ச் 5 வாக்கில் கடைசியாகக் கிள்ளிவிட்டு, அதற்கப்புறம் எவ்வளவு தாறுமாறாக நீண்டாலும் தொடுவதில்லை. அந்த இரண்டு மாதம் மரம் கலைந்த தலையோடுதான் நிற்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உதிர்ந்த பூவின் காய்களையும் உடனே கிள்ளிவிடுங்கள், காய் பிடித்தால் பூ குறையும். பழுத்துக் கறுத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம், லேசான இனிப்பு, பின்னாலேயே கொஞ்சம் காரம்.

இன்னொன்று, தொட்டியில் வைத்துக் கிள்ளக் கிள்ள இலை சிறுக்கும், பூ சிறுக்காது. நர்சரியில் அழகாக இருக்கிறதே என்று கைப்பிடி அளவு அடுக்குப் பூ வகை ஒன்றை 2019இல் வாங்கினேன். நாலு வருடம் பாடுபட்டு ஒரு அடி மரமாக்கிய பிறகு பத்துப் பூ பூத்ததும் கிளையெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கிவிட்டது. அதைத் தொங்குதொட்டிக்கே மாற்றிவிட்டேன், அங்கே சந்தோஷமாக இருக்கிறது. போன்சாய்க்கு மாஜெல்லனிகா, அல்லது மெக்சிகோப் பக்கத்துச் சின்ன இலை மைக்ரோஃபில்லா, இல்லையென்றால் டாம் தம்ப் மாதிரிக் குட்டை வகை எடுங்கள். என்னிடம் மைக்ரோஃபில்லா ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. பூ அரிசிமணி அளவு, இலை புளிய இலை போல, ஒரு சாண் மரத்துக்கு அளவு அப்படியே பொருந்துகிறது.

தண்ணீர்தான் நிறையப் பேரைத் தோற்கடிக்கிற இடம். உச்சி வெயிலில் இலை துவளும், பதறிப்போய் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் துவண்டால் அது வெப்பத்துக்கு, நிழலில் தூக்கிவைத்தால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். நிழலுக்குப் போயும் நிமிரவில்லை, மண்ணும் சொதசொதவென்று இருக்கிறது என்றால் வேர் அழுகல். அந்த இடத்தில் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் முடிந்தது கதை. என் மண் கலவை செங்கல் ஜல்லிப்பொடி இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, ஒரு கைப்பிடி கரித்துண்டு. நீர் நிற்கவும் கூடாது, முழுக்க வறளவும் கூடாது. தொட்டியும் மற்ற போன்சாய்களுக்கு வைப்பதைவிட ஒரு விரற்கடை ஆழமாக வையுங்கள், ஆழமில்லாத தட்டில் மார்ச் வெயிலைத் தாக்குப்பிடிக்காது. வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறேன், மயிர்வேர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 2021இல் அப்படிப் பிரித்தபோது சுருண்ட வெண்புழு ஏழெட்டு கிடைத்தது, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வருமே அதே மாதிரி. அதற்கப்புறம் இலைமக்கைச் சலித்து வெயிலில் காயவைக்காமல் சேர்ப்பதில்லை. உரத்துக்குப் புளித்த கடலைப்பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர் கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பூச்சியில் மார்ச்சில் செம்பேன், மூடிய இடமென்றால் வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கம் தினமும் தண்ணீர் பீய்ச்சினாலே செம்பேன் அடங்குகிறது, வேப்பெண்ணெயைச் சாயங்காலம் மட்டும் அடிக்கிறேன். மழையில் இலையடியில் ஆரஞ்சுப் பொடியாகத் துரு நோய் வரும், அந்த இலைகளை எடுத்து எரித்துவிட்டு, உள்கிளைகளைக் கொஞ்சம் கலைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

சமவெளியில் இருப்பவர்கள் அங்கேயும் இதை வளர்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். பிழைத்த இரண்டு கட்டைகளில் ஒன்றைக் கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்திருந்தேன். ஏப்ரலில் மேட்டுப்பாளையம் இறங்கும்போதே காருக்குள் இலை வாட ஆரம்பித்தது, ஜூன் வருவதற்குள் மொத்த இலையும் உதிர்ந்து கட்டையும் காய்ந்துவிட்டது. தங்கை ஒரு நாளும் கவனிக்காமல் விட்டவள் இல்லை, வெயில்தான் காரணம், 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் போனால் இந்த வகை தாங்காது. கொடுத்தது என் தவறு. பெங்களூர் போன்ற இடத்தில் டிரிஃபில்லா வகையை முயன்று பாருங்கள், ஓரளவு வெப்பம் தாங்கும், ஆனால் குளிர் ஆகாது. ஃபியூஷியா என்ற பெயரே அதிலிருந்து ஆரம்பித்ததுதான். சார்ல்ஸ் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி கரீபியனின் ஹிஸ்பானியோலா தீவில் அதைக் கண்டு, 1566இல் இறந்துபோன ஜெர்மன் மூலிகை அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் நினைவாக 1703இல் பெயர் வைத்தார். ஃபுக்ஸ் இந்தப் பூவைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு எப்போதும் மனதில் தைக்கும்.

இன்றைய நிலவரம் இது. இந்த டிசம்பர் உறைபனியில் ஒரு ராத்திரி மட்டும் உள்ளே எடுத்துவைக்க மறந்து, இடப்பக்கத்து முதல் கிளையின் பாதி கருகிவிட்டது. ஏழு வருடம் வளர்த்த கிளை அது, இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டே வந்ததில் தண்டிலிருந்து மூன்றாவது கணு வரை உள்ளே பச்சை இருந்தது. அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். நேற்றுப் பார்த்தபோது அந்தக் கணுவில் இரண்டு மொட்டும் கடுகளவு சிவந்திருக்கின்றன. இடவலமாக அமைந்த ஜோடி. முன்பக்கம் சாய்ந்த வலது மொட்டை வைத்துக்கொண்டு, மற்றதை அடுத்த வாரம் எடுத்துவிடப் போகிறேன்.